சதுர அலையில் கமகம்: மின்னணு விளையாட்டு இசையும் கையின் ஆட்சியும்

மகுடியின் ஓசையைக் கேட்டறியாதவர் நம் நாட்டில் மிகச் சிலரே ஆவர். 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாகின்' என்னும் இந்தித் திரைப்படம் அவ்வோசையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. வைஜயந்திமாலா நடித்து, ஹேமந்த் குமார் இசையமைத்த அப்படத்தில் ஒலிக்கும் மகுடி, பாம்பாட்டியின் சுரைக்குடுக்கையிலிருந்து பிறந்ததன்று. பம்பாயின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கல்யாண்ஜி வீர்ஜி ஷா என்ற இளைஞர் கிளாவியோலின் என்னும் மின்சாரக் கருவியை இயக்க, ரவி ஆர்மோனியத்தில் உடன் வாசித்து உண்டாக்கிய ஓசை அது. பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்ற இரட்டையரில் ஒருவராகப் புகழ் பெற்றவர் அந்தக் கல்யாண்ஜி.

அக்கருவியின் வால்வுகளிலிருந்து புறப்பட்ட மின்னலை ஏறக்குறையச் சதுர வடிவமுடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் மின்னணு விளையாட்டுக் கருவிகள் வந்தபோது, அவற்றின் சிறிய சிப்புகளும் அதே சதுர அலையையே ஒலித்தன. 1990-களில் நம் நகரங்களில் விற்பனையான மலிவான விளையாட்டுப் பெட்டிகளின் 'பீப், பீப்' என்ற ஒலி இன்று நடுவயதை எட்டியவர்களின் காதில் இன்னும் நிற்கிறது. அவ்வொலியை வேண்டுமென்றே கையாண்டு புதிய இசை புனைவது இன்று உலகெங்கும் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. அதனைச் சிப்டியூன் என்பர்.

ஒரே வகை அலை ஓரிடத்தில் உயிருள்ள மகுடியாகவும், மற்றோரிடத்தில் விளையாட்டுப் பொம்மையின் ஓசையாகவும் கேட்பது எதனால்? அலையின் வடிவம் குரலின் நிறத்தை மட்டுமே தருகிறது. உயிரைத் தருவது அக்குரலை வினாடிதோறும் ஆளும் கையே. கையின் அசைவுகளை நுட்பமாக உணர்ந்து சிப்புக்குச் சொல்லும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு சதுர அலையிலும் கமகம் வாசிக்க இயலுமா, எந்த அளவுக்கு இயலும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சதுர அலை என்பது யாது?

மின்விளக்கின் சுவிட்சை ஒருவர் சம இடைவெளியில் போட்டு, அணைத்து, மீண்டும் போடுகிறார் என்று கொள்வோம். அச்செயல் வினாடிக்கு 220 முறை நிகழ்ந்து, அம்மின்னோட்டம் ஒரு ஒலிபெருக்கியினுள் சென்றால், 220 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒரு சுரம் கேட்கும். இதுவே சதுர அலை. 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே நிலைகள் உடையதாதலின் எண்முறைச் சிப்புக்கு இதனைவிட எளிய அலை வேறில்லை. சிப்பின் விலையும் நினைவகமும் பெரிதாயிருந்த காலத்தில் பொறியாளர்கள் இதனைத் தேர்ந்ததன் காரணம் இதுவே.

எந்த இசைச் சுரமும் அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் மடங்குகளான மேற்சுரங்களையும் கொண்டது. சரிபாதி சதுர அலையில் 3, 5, 7 என ஒற்றைப்படை மடங்குகளே உண்டு. இரட்டைப்படை மடங்குகள் இல்லை. மகுடியோ நாணல் நாக்குப் பொருத்திய உருளைக் குழாய். ஒரு முனை மூடியதுபோல் நடந்துகொள்ளும் இத்தகைய குழாயிலும் ஒற்றைப்படை மேற்சுரங்களே ஓங்கி நிற்கும். எனவே, கிளாவியோலினின் சதுர அலை மகுடியை ஒத்திருந்தது தற்செயலன்று. அதற்கு இயற்பியல் காரணம் உண்டு.

'உண்டு' என்ற நிலையின் நேரத்தைக் குறைத்தால் குரலின் நிறம் மாறும். சுற்றின் பாதி நேரம் நின்றால் குழல்போன்ற உருண்ட ஒலியும், கால் பங்கு நின்றால் கூர்மையான ஒலியும், எட்டிலொரு பங்கு நின்றால் மெல்லிய மூக்கொலியும் பிறக்கும். விளையாட்டு இசைக்காரரின் வண்ணப் பெட்டியில் இருந்த வண்ணங்கள் பெரும்பாலும் இவ்வளவே.

முழங்காலால் ஆளப்பட்ட ஒலி

கிளாவியோலினை 1947-இல் அமைத்தவர் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக்காரர். மூன்று ஸ்தாயிகளுக்குரிய 36 சாவிகள் கொண்டது அது. ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். வாசிப்பவரின் முழங்கால் தொடுமிடத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. முழங்காலால் அதனை அழுத்தினால் ஒலி பெருகும், தளர்த்தினால் அடங்கும்.

இந்த நெம்புகோல் எளிய உறுப்பாயினும் அதன் பயன் பெரிது. சாவியை அழுத்தியதும் ஒரே அளவில் ஒலித்து, விட்டதும் நின்றுபோகும் ஓசை இயந்திர ஓசையாகவே கேட்கும். மனிதன் ஊதும் குழலிலோ ஒவ்வொரு சுரமும் தோன்றி, வளர்ந்து, தேய்கிறது. அந்த வளர்ச்சியையும் தேய்வையும் கிளாவியோலின் வாசித்தவரின் முழங்கால் வழங்கிற்று. ஆயினும் ஒரு குறை எஞ்சியது. சாவி ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரே சுருதியையே தந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வழி சாவிகளில் இல்லை.

ஆர்மோனியத்தின் வழக்கு

இக்குறை நம் இசையில் எவ்வளவு பெரிய வழக்குக்கு இடமளித்தது என்பதை ஆசிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அகில இந்திய வானொலி 1940-ஆம் ஆண்டில் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அத்தடை 1971-இல்தான் தளரத் தொடங்கிற்று. ஆர்மோனியத்தின் நாக்குகள் நிலையான சுருதி உடையவை. நம் ராகங்களின் நுண்சுருதிகளையும் கமகங்களையும் அவை தரமாட்டா என்பதே முதன்மையான குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. 1963-இல் மாட்டுங்காவில் திறக்கப்பட்ட ஷண்முகானந்த மண்டபத்திலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலோ வீணைக் கச்சேரி கேட்கும் ரசிகர் எதனைக் கேட்டுத் தலையசைக்கிறார்? மெட்டுகளின்மேல் தனித்தனியே நிற்கும் சுரங்களை மட்டுமன்று; ஒரு மெட்டின்மேல் தந்தியை இழுத்து, அடுத்த சுரத்தைத் தொட்டு, மீண்டும் திரும்பும் அந்த இடைப்பட்ட பாதையையே அவர் பெரிதும் சுவைக்கிறார். அப்பாதையை அடைத்துவிடும் கருவியில் ராகத்தின் எலும்புக்கூடு மட்டுமே எஞ்சும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குறை இருப்பது ஒலியிலா, அதனை ஆளும் முறையிலா? சாவிப்பலகையில் கமகம் வரவில்லை என்பதற்காக மின்னணு ஒலியையே ஒதுக்கிவிடுவது, பேனா சரியில்லை என்பதற்காக மையைக் கொட்டிவிடுவதை ஒக்கும். குறையை அளந்து, அது எந்த உறுப்பில் உள்ளது என்று கண்டு, அவ்வுறுப்பைத் திருத்துவதே விஞ்ஞான நெறி.

பத்து ராகங்களின் இசைத்தட்டு

திருத்தத்தின் அடுத்த படியையும் பம்பாயிலேயே காண்கிறோம். திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் மூன்று ஜப்பானிய மின்னணுக் கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை நடனத் தாளத்தில் பதிவு செய்தார். அவை ரோலண்டு நிறுவனத்தின் ஜுப்பிட்டர்-8, டி.ஆர்.-808 என்ற தாளப்பெட்டி, டி.பி.-303 என்ற மந்தரக் குரல் பெட்டி ஆகியன. 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற பெயரில் எச்.எம்.வி. வெளியிட்ட அத்தட்டு, அன்று அதிகம் கவனிக்கப்படவில்லை. 2010-இல் மறுபதிப்பானபோதுதான், அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில ஆண்டுகள் கழித்துத் தோன்றிய 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை அது முன்னறிவித்ததுபோல் இருந்ததைக் கண்டு உலகம் வியந்தது. அவர் 2015-இல் மறைந்தார்.

நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி டி.பி.-303 பெட்டியில் உள்ளது. அதில் அரத்தின் பல் போன்ற அலை, சதுர அலை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதனுடன், குறிப்பிட்ட சுரங்களுக்கிடையே ஒலி வழுக்கிச் செல்லுமாறு முன்கூட்டியே பதிந்து வைக்கவும் இயலும். நம் இசையில் ஜாரு எனப்படும் அசைவுக்கு இது நெருங்கிய உறவுடையது. ஆயினும் இங்கும் ஒரு குறை உண்டு. வழுக்கல் பெட்டியில் பதிந்தபடியே நிகழ்கிறது. வாசிப்பவரின் விரல் அந்நேரத்தில் அதனை நீட்டவோ குறைக்கவோ இயலாது. கிளாவியோலினில் ஒலியளவு கையாட்சிக்கு வந்தது; சுருதி வரவில்லை. டி.பி.-303-இல் சுருதி வளைந்தது. ஆனால் கைக்கு அடங்கவில்லை.

விளையாட்டுப் பெட்டியின் ஐந்து குரல்கள்

1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாம் என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. பிற்காலத்தில் ஆசிய நாடுகளெங்கும் மலிவான நகல்களாகப் பரவியது இதன் அமைப்பே. அதன் சிப்பில் ஐந்து குரல்கள் உண்டு. இரண்டு சதுர அலைக் குரல்கள். ஒரு முக்கோண அலைக் குரல். 'சர்' என்ற இரைச்சல் எழுப்பும் குரல் ஒன்று. பதிவு செய்த சிறு ஒலித்துண்டுகளை ஒலிக்கும் குரல் ஒன்று.

சதுரக் குரலின் ஒலியளவுக்கு, மௌனம் உட்பட, 16 படிகளே உண்டு. முக்கோணக் குரலுக்கு ஒலியளவுக் கட்டுப்பாடே இல்லை. அது ஒலிக்கும், அல்லது நிற்கும். மூன்று சுரங்களை ஒருசேர ஒலிக்கக் குரல் போதாதபோது, ஒரே குரலில் அம்மூன்றையும் மிக வேகமாக மாறிமாறி ஒலித்துக் காதை ஏமாற்றினர். பழைய விளையாட்டுகளில் கேட்கும் அந்தக் குமிழியிடும் ஓசை வறுமையிலிருந்து பிறந்த உத்தியாகும்.

சுருதி உண்டாகும் விதத்தையும் காண்போம். அமெரிக்காவில் விற்ற கருவியிலும் ஜப்பானியக் கருவியிலும் சிப்பின் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 17,89,773. அதனை முதலில் 16-ஆல் வகுத்தால் 1,11,861 கிடைக்கும். இதனை மேலும் ஒரு முழு எண்ணால் வகுத்து வருவதே சுரத்தின் அதிர்வெண். வகுக்கும் எண் 508 எனில் 220 ஹெர்ட்ஸ். 254 எனில் 440 ஹெர்ட்ஸ். வகுக்கும் எண் பின்னமாக இருத்தல் கூடாது. சிப்பின் கமகத் திறனை வரையறுப்பது இந்த ஒரு விதியே.

தோடியின் காந்தாரம்: ஒரு கணக்கு

தோடி ராகத்தின் சாதாரண காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது தன்னிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. ஏறத்தாழச் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே ஊசலாடியே அது காந்தாரமாகக் கேட்கிறது. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட் எனக் கொண்டால், அவ்வூசலின் முழு அகலம் ஏறத்தாழ 400 சென்ட்.

ஷட்ஜம் 220 ஹெர்ட்ஸ் என்று கொள்க. அப்போது ரிஷபத்துக்குரிய வகுக்கும் எண் 480, மத்திமத்துக்குரியது 381. இடையில் 99 படிகள் கிடைக்கின்றன. படி ஒன்று ஏறத்தாழ 4 சென்ட். இவ்வளவு நெருங்கிய படிகளைக் காது பெரும்பாலும் வழுக்கலாகவே உணரும். ஷட்ஜத்தை இரண்டு ஸ்தாயி உயர்த்தி 880 ஹெர்ட்ஸில் வைத்தால் அவ்விரு எண்களும் 120, 95 என ஆகின்றன. இப்போது 25 படிகளே. படி ஒன்று 16 சென்ட். இன்னும் ஒரு ஸ்தாயி உயர்த்தினால் 12 படிகளே எஞ்சும். படி ஒன்று 33 சென்ட் அளவாகிவிடும். நம் சாஸ்திரங்கள் கூறும் பிரமாண சுருதியின் அளவு ஏறத்தாழ 22 சென்ட். அதாவது, இங்கே சிப்பின் ஒரு படி ஒரு சுருதியையே விழுங்கிவிடுகிறது. வழுக்குப்பாதை மாடிப்படியாகி, கமகம் தடதடக்கிறது.

இதிலிருந்து வாசிப்பவர் அறிய வேண்டியது தெளிவு. பழைய விளையாட்டுச் சிப்பின் சதுரக் குரலில் கமகம் வாசிக்க விரும்புவோர் தாழ்ந்த ஸ்தாயியில் ஷட்ஜத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். கீச்சென்ற உயர் ஸ்தாயியில் அசைவில்லாத சுரங்களும் வேகமான பிருகாக்களுமே அழகு தரும்.

காலத்திலும் ஒரு படிக்கட்டு உண்டு. அக்கால விளையாட்டு நிரல்கள் திரைப்படம் மாறும் வேகத்தை ஒட்டி, வினாடிக்கு 60 முறையே சிப்புக்குப் புதிய கட்டளையிட்டன. காந்தாரம் வினாடிக்கு 5 முறை ஊசலாடினால், ஓர் ஊசலுக்கு 12 கட்டளைகளே கிடைக்கும். ஏறுவதற்கு ஆறு, இறங்குவதற்கு ஆறு. இன்றைய கணினி நிரல்கள் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்ள இடமளிக்கின்றன. பழைய ஒலியின் மணம் வேண்டுவோர் அதனை அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு.

கையை உணரும் கருவிகள்

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழி 1983-இல் உருவாயிற்று. அதன் பெயர் மிடி. எந்தச் சுரம், எவ்வளவு விசையுடன், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை அது எண்களாக அனுப்புகிறது. சுருதியை வளைக்கும் கட்டளையும் அதில் உண்டு. அதற்கு 16,384 நிலைகள். ஆனால் அக்கட்டளை ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்துவிடும். ஒரு விரல் காந்தாரத்தை அசைக்க, மற்றொரு விரல் ஷட்ஜத்தை அசையாமல் நிறுத்துவது அம்முறையில் கடினம்.

2018-இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. என்ற விரிவாக்கம் இச்சிக்கலைத் தீர்த்தது. ஒவ்வொரு விரலின் சுரத்துக்கும் தனித் தடம் ஒதுக்கப்படுகிறது. ஆதலின் அவ்விரல் பக்கவாட்டில் அசைந்தால் சுருதியும், அழுத்தினால் ஒலியளவும், முன்பின் நகர்ந்தால் குரலின் நிறமும் அச்சுரத்துக்கு மட்டும் மாறும்.

இக்கொள்கையைக் கையாளும் கருவிகள் பல. அமெரிக்காவின் லிப்போல்டு ஹாக்கென் அமைத்த கன்டினூவம், சாவிகளே இல்லாத மெத்தென்ற பலகை. 1999 முதல் விற்பனையில் உள்ளது. 2009-இல் வந்த 'தில்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலின் இறுதியில் வழுக்கி ஒலிக்கும் தனி இசை, அக்கருவியில் ஏ.ஆர். ரஹ்மான் வாசித்ததே. ரோஜர் லின் 2014-இல் வெளியிட்ட லின்ஸ்ட்ரமென்ட், கட்டங்களாகப் பிரிந்த தொடுபலகை. வாயால் ஊதி ஒலியளவை ஆளும் மின்னணுக் குழல்களும் 1980-களிலிருந்தே உள்ளன. நாகஸ்வரமும் புல்லாங்குழலும் பயின்றோருக்கு அவை விரைவில் கைவரும்.

விலையுயர்ந்த கருவி இன்றியமையாதது என்று எண்ண வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த கே. சத்யநாராயணன், சாதாரண மின்னணுச் சாவிப்பலகையில் உள்ள சுருதி வளைக்கும் உறுப்பை ஒரு கையால் இயக்கியே கமகங்களை வாசித்துக் கர்நாடக இசைக் கச்சேரிகள் செய்துவருகிறார். அவ்வுறுப்பு வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம், அதாவது மொத்தம் 400 சென்ட் வளைக்கவல்லது. தோடியின் காந்தாரத்துக்கு நாம் மேலே கணக்கிட்ட அகலமும் அதுவே என்பது கருதத்தக்கது.

சிப்பின் குரல்களில் ஒரு சிறு கச்சேரி

பழைய சிப்புகளின் ஒலியைப் போலச் செய்யும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜப்பானின் ஒய்.எம்.சி.கே. குழுவினர் வழங்கும் மேஜிக்கல் 8பிட் பிளக் அவற்றுள் ஒன்று. கணினியும் மிடிச் சாவிப்பலகையும் உள்ள பள்ளியில் கீழ்க்கண்டவாறு ஒரு சிறு கச்சேரியை அமைக்கலாம்.

முதற் சதுரக் குரலை, கால் பங்கு அலையில் வைத்து, ராகத்துக்கு ஒதுக்குக. அதே இசையைச் சற்றுத் தாமதமாகவும் மெதுவாகவும் இரண்டாம் சதுரக் குரலில் ஒலிக்கச் செய்தால், மண்டபத்தின் எதிரொலி போன்ற விரிவு கிடைக்கும். முக்கோணக் குரலைத் தம்பூராவாக்கி, பஞ்சமம், ஷட்ஜம், ஷட்ஜம், மந்தர ஷட்ஜம் என வரிசையாக மீட்டுமாறு பதிக. இரைச்சல் குரலைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கினால் தாளம் அமையும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள் பயன்படும். முதலாவது, சுருதி வளையும் எல்லை, கைக்கருவியிலும் நிரலிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். எம்.பி.இ. கருவிகளின் வழக்கமான எல்லை 48 அரைச்சுரம். பழைய முறையின் எல்லை 2. இரண்டும் மாறுபட்டிருப்பின், சிறிதே அசைத்த விரலுக்கு ஸ்தாயி கடந்து அலறும் ஒலி பதிலாக வரும். இரண்டாவது, நிரல் தானாகவே சேர்க்கும் அதிர்வை நிறுத்திவிட வேண்டும். எல்லாச் சுரத்துக்கும் ஒரே வேகத்தில் நடுங்கும் அந்த அதிர்வு கமகமாகாது. கமகம் ராகத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவது. மூன்றாவது, மிடியின் ஒலியளவுக்கு 128 நிலைகள் இருப்பினும் சிப்புக்கு 16 படிகளே. எட்டு நிலைகள் ஒரு படியில் அடங்கிவிடுவதால், மிக மெல்லிய தேய்வுகளை அதனிடம் எதிர்பார்த்தல் கூடாது.

வகுப்பறையில் செய்து பார்க்க

கணினி இல்லாத பள்ளியிலும் இத்தத்துவத்தை விளக்கிக் காட்டலாம். 1972 முதல் விற்பனையில் உள்ள 555 என்ற சிப் இதற்குப் போதும். மும்பையில் லாமிங்டன் ரோடு கடைகளிலும், பிற ஊர்களில் ரேடியோ பழுதுபார்ப்போர் பொருள் வாங்கும் கடைகளிலும் இது எளிதில் கிடைக்கும்.

555-இன் 1-ஆம் காலை பேட்டரியின் எதிர்முனையிலும், 4, 8-ஆம் கால்களை 9 வோல்ட் நேர்முனையிலும் இணைக்க. நேர்முனைக்கும் 7-ஆம் காலுக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடை. 7-க்கும் 6-க்கும் இடையே 100 கிலோ ஓம் மின்தடையும், அதனுடன் தொடராக 100 கிலோ ஓம் நகர்த்து மின்தடையும் அமைக்க. 6-ஐயும் 2-ஐயும் ஒன்றாக்கி, அங்கிருந்து எதிர்முனைக்கு 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைக்க. 3-ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி (அதன் நேர்முனை சிப்பின் பக்கம்), 100 ஓம் மின்தடை, 1 கிலோ ஓம் மாறும் மின்தடை ஆகியவற்றின் வழியே 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் சென்று, அதன் மறுமுனையை எதிர்முனையில் சேர்க்க. பேட்டரி தவிர வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது.

ஏறத்தாழ 359 ஹெர்ட்ஸிலிருந்து 716 ஹெர்ட்ஸ் வரை, ஒரு ஸ்தாயி முழுவதும், சதுர அலை ஒலிக்கும். இங்கே மாணவர்களுக்குக் காட்டத்தக்க அழகிய உண்மை ஒன்று உண்டு. இச்சுற்றில் அதிர்வெண், 7-க்கும் 6-க்கும் இடைப்பட்ட மின்தடைக்கு ஏறக்குறையத் தலைகீழ் விகிதத்தில் உள்ளது. வீணைத் தந்தியின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள உறவும் அதுவே. மொத்த மின்தடை 200 கிலோ ஓம் எனில் ஷட்ஜம். 150 எனில் மத்திமம். 133 எனில் பஞ்சமம். 100 எனில் மேல் ஷட்ஜம். நகர்த்தும் பிடியின் அருகே காகிதம் ஒட்டி இவ்விடங்களைக் குறித்தால், வீணையின் மெட்டுகளைப்போல் மேலே செல்லச் செல்ல அவை நெருங்குவதைக் காணலாம். விளையாட்டுச் சிப்பின் உயர் ஸ்தாயியில் படிகள் போதாமற்போன காரணமும் இதனால் விளங்கிவிடும்: அங்கே மெட்டுகள் நெருங்க, சிப்போ ஒரு முழு எண்ணுக்குக் குறைவாக நகர மறுக்கிறது.

இனி ஒரு மாணவர் வலக்கையால் நகர்த்து மின்தடையையும், இடக்கையால் மாறும் மின்தடையையும் இயக்கட்டும். முதலில் ஒலியளவை மாற்றாமல், சுரங்களில் மட்டும் நின்று நின்று செல்லச் செய்க. பொம்மையின் ஓசை கேட்கும். அடுத்து, இடக்கையால் ஒவ்வொரு சுரத்தையும் வளர்த்துத் தேய்க்கச் செய்க. இது 1954-இல் முழங்கால் செய்த வேலை. பின்னர், வலக்கையால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கவும், ஒரு சுரத்தில் நின்று அசைக்கவும் செய்க. அலை மாறவில்லை, பேட்டரி மாறவில்லை, ஆயினும் மகுடி பேசத் தொடங்குவதை வகுப்பு முழுவதும் கேட்கும்.

யாருக்கு இதனால் பயன்?

மாட்டுங்காவின் கச்சேரி மண்டபத்துக்கும் தாராவியின் சந்துகளுக்கும் உள்ள தொலைவு அதிகமன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் சென்று, தலைமுறைகளாகத் தாராவியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மின்னணு ஒலி அன்னியமானதன்று. அங்கிருந்து கிளம்பிய டோப்படெலிக்ஸ் ராப் குழு 2018-இல் 'காலா' திரைப்படத்தில் பாடியதை நாடறியும். வீணையோ வயலினோ வாங்கித் தர இயலாத வீட்டிலும், பழைய பொம்மையின் ஒலிபெருக்கியும் சில மின்தடைகளும் கிடைக்கும். கமகத்தின் முதல் பாடத்துக்கு அவை போதும்.

ஆயினும் மிகைப்படுத்தல் தகாது. எவ்வளவு நுட்பமான பலகையாயினும் அது கையின் அசைவை எடுத்துச் செல்லுமேயன்றி, எங்கே எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அதனைக் காது கற்க வேண்டும். காதுக்குக் கற்பிப்பவர் குருவே. சிப்பின் 16 படி ஒலியளவும் முழு எண் சுருதியும் எந்த உழைப்பாலும் முற்றிலும் நீங்காத எல்லைகளாகும். அவ்வெல்லைகளை அறிந்து, அவற்றுக்குள் அழகு காண்பதே இக்கலையின் தருமம்.

ஆர்மோனியத்தைப் பற்றிய வழக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. குறை எவ்வளவு சென்ட் என்று அளந்து, அது சாவியில் உள்ளதா, நாக்கில் உள்ளதா, கையில் உள்ளதா என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பரவியிருப்பின் அவ்வழக்கு வேறு வகையாக முடிந்திருக்கலாம். மாணவர் ஒருவர் பொம்மை ஒலியில் பாட்டு வாசித்துக் காட்டும்போது, இது சங்கீதமாகுமா என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன், அதனை ஒரு ஸ்தாயி இறக்கி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். படிகள் நெருங்கும், காந்தாரம் அசையும். அதன்பின் தீர்ப்பு அவ்வளவு எளிதாயிராது.